முடிவு சொல்லாத கதையும் முடிவு கேட்கும் வாசகரும்

கச்சிபௌலியில் நம் குடியிருப்புகளைச் சேர்ந்த தமிழ் வாசகர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் வழக்கத்தை இம்மலரைப் படிப்போர் அறிவர். அண்மையில் அங்கே எடுத்துக்கொண்ட நூல் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. இறுதியில், 'இத்தகைய நூல்களை இனி நம் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை' என்று கையுயர்த்தி ஒரு முடிவும் செய்யப்பட்டது. எதிர்த்து உயர்ந்த கைகள் மூன்றே. அவற்றுள் ஒன்று என்னுடையது. அன்று எனக்குப் பேசக் கிடைத்தவை இரண்டு நிமிடங்கள். மலர்க்குழுவினர் இங்கே சில பக்கங்களை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். ஆதலின் அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க, பொறுக்க இயலாதவர்கள் அடுத்த மலரில் மறுத்து எழுதுக.

நூலைப் படியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டு குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்த கதை இது. பெருஞ்சொத்து ஒன்று, அதற்கு உரியவளாகப் போகும் இளம்பெண் ஒருத்தி, அச்சொத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் பழைய ஆவிக்கதை, பின்னர்க் கொலை. வழக்கறிஞன் கணேஷும் அவனுடைய இளைய துணைவன் வசந்தும் உள்ளே நுழைகிறார்கள். கண்ணெதிரே உருவம் ஒன்று தோன்றுகிறது. அது ஆவியா? அல்லது ஒளிக்கற்றைகளைக் கொண்டு வெற்றிடத்தில் எழுப்பிய ஹோலோகிராம் என்னும் முப்பரிமாண உருவமா? டென்னிஸ் காபர் 1940-களில் கண்டறிந்து, 1971-இல் நோபல் பரிசு பெற்ற அந்த நுட்பத்தை, அதன் பெயரையே கேட்டிராத வார இதழ் வாசகர்களுக்குக் கதைப் போக்கிலேயே விளங்கவைத்தார் சுஜாதா. ஆயினும் அந்த விளக்கமே முற்றும் உண்மை என்று அவர் முத்திரையிடவில்லை. விஞ்ஞானமும் பொருந்துகிறது, அமானுஷ்யமும் பொருந்துகிறது என்ற இடத்தில் வாசகனை நிறுத்திவிட்டு விலகிக்கொண்டார்.

இந்நூல் பற்றி அன்று எழுந்த கருத்துகளைக் கூடியவரை அவரவர் சொற்களிலேயே தருகிறேன். 'கடைசி வரையில் இழுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்' என்றார் ஒருவர். 'ரயிலில் படிக்கலாம், இலக்கியம் என்று கூட்டம் போட்டுப் பேச இதில் ஒன்றுமில்லை' என்றார் மற்றொருவர். 'நடுவில் வரும் விஞ்ஞானப் பேச்சையும் தத்துவப் பேச்சையும் வெட்டியிருந்தால் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும்' என்றார் ஓர் அம்மையார். 'பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கத் தக்கதன்று. மூடநம்பிக்கையை வளர்க்கும்' என்றார் வயதில் மூத்த நண்பர். நூல் கனமில்லாதது என்றவரும், நூல் கனம் மிகுந்தது என்றவரும் ஒரே தீர்மானத்துக்குக் கையுயர்த்திய விந்தையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இவை தவிரப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் ஏமாற்றம் என்ற குற்றச்சாட்டு. நம்முள் பெரும்பாலோர் கணினித் துறையினர். காலையில் வந்த குறையை மாலைக்குள் தீர்த்து, 'முடிந்தது' என்று குறித்துவிட்டால்தான் நமக்கு உறக்கம் வரும். அந்தப் பழக்கத்தோடு நாவலையும் அணுகுகிறோம் போலும். ஆனால் சுஜாதாவும் நம் போன்றவர்தாமே! ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பங்கு கொண்டவர். தாமும் பிழைப்பின் பொருட்டு மாநில எல்லை கடந்து வாழ்ந்தவர். ஆம் அல்லது இல்லை என்று பளிச்சென விடை சொல்லியாக வேண்டிய இயந்திரத்தோடு பழகிய மனிதர், கதையில் மட்டும் விடையை மூடி வைத்தது சோம்பலால் என்றா எண்ணுகிறீர்கள்?

அவர் 'ஹோலோகிராம்தான்' என்று முடித்திருந்தால் அது செப்பிடுவித்தையின் விளக்கம். ஒருமுறை அறிந்துகொண்டால் மறுமுறை படிக்க வேண்டாம். 'ஆவிதான்' என்று முடித்திருந்தால் கணேஷ் இருநூறு பக்கம் மூளையைக் கசக்கியது வீண். இரண்டையும் செய்யாமையால், எந்தப் பக்கத்தில் நாம் எந்தப் புறம் சாய்ந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொடராக வந்த நாளில் நானும் என் மனைவியும் வாரந்தோறும் இதழுக்குப் போட்டியிட்டுப் படித்தோம். நான் ஒளிக்கற்றையின் பக்கம். அவள் ஆவியின் பக்கம். இந்தக் கூட்டத்துக்காக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இருவரும் மறுபடி படித்தோம். அவள் இப்போது ஐயமின்றி ஹோலோகிராம் என்கிறாள். என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடையில் என் தம்பி இறந்துபோனான். அவன் குரலை மாடிப்படியில் இருமுறை கேட்டிருக்கிறேன். காரணம் களைப்பாக இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம். விளக்கம் எனக்கும் தெரியும். விளக்கம் தெரிந்த பின்னும் மிச்சம் நிற்கும் ஒன்றைப் பற்றித்தான் அந்த நாவல் பேசுகிறது. ஏமாற்றுக்காரர் என்று அவரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

குறையே இல்லாத நூல் என்றும் நான் சொல்ல வரவில்லை. வசந்த் பெண்களைப் பற்றிப் பேசும் பேச்சுகள் பல இன்று கூசச் செய்கின்றன. வாராவாரம் திடுக்கிட வைக்க வேண்டும் என்ற தொடர்கதைக் கட்டாயமும் ஆங்காங்கே பல்லிளிக்கிறது. இவற்றை யாரேனும் எழுந்து சொல்லியிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன். சொல்லவில்லையே!

அடுத்தது, 'இது இலக்கியமன்று' என்ற கருத்து. தமிழ் நாவல் இளமையாயிருந்த காலத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நம் பாட்டிமாருக்கும் படிக்கும் ஆசையை ஊட்டியவர்கள். அவர்களையெல்லாம் 'மட்டரகம்' என்று ஒரு சொல்லில் தள்ளப் பழகிக்கொண்டோம். அது கிடக்கட்டும். கொலையும் மெய்ப்பொருள் விசாரணையும் ஒரே கதையில் கலந்தால் இலக்கியம் ஆகாது என்று எவர் விதித்தார்? தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1879, 1880 ஆண்டுகளில் இதழ்த் தொடராக வந்ததுதான். தந்தையைக் கொன்றவன் யார் என்பதுதான் அதிலும் கதை. கடவுள் உண்டா என்பதுதான் அதிலும் வழக்கு.

ருஷ்யாவுக்குப் போவானேன்? சாத்தனாரின் மணிமேகலையை எடுத்துக்கொள்க. பள்ளியில் அமுதசுரபியோடும் ஆபுத்திரனோடும் நிறுத்திக்கொண்டமையால், அதனுள் ஒரு கொலை இருப்பதே நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விடாது தொடர்கிறான். அவளோ மந்திரத்தின் வலிமையால் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவைக் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன் தன் மனைவியைத் தேடி வருகிறான். உருமாறி நிற்பவளைத் தன் மனைவியென்றே நம்புகிறான். அவள் இளவரசனோடு பேசுவதைக் கண்டு உள்ளம் புழுங்கி மறைந்திருக்கிறான். நள்ளிரவில் உலக அறவிக்கு வரும் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். இருபதாம் காதையின் பெயரே 'உதயகுமரனைக் காஞ்சனன் வாளால் எறிந்த காதை' என்பதுதான். ஆள்மாறாட்டம், இருட்டு, பொறாமை, வாள்! பழியோ மணிமேகலை தலையில் விழுகிறது, சிறை வாய்க்கிறது. நடந்ததன் முன்வினையையும் பின்விளைவையும் எடுத்துச் சொல்வது தூணில் உறையும் ஒரு பாவை. இக்காலத்து எழுத்தாளர் ஒருவர் இதை எழுதியிருந்தால் நம் நண்பர் 'ரயிலில் படிக்கலாம்' என்று ஒதுக்கியிருப்பார்.

அந்தக் கொலைக்குப் பின் காப்பியம் எங்கே போகிறது? வஞ்சி மாநகருக்குச் செல்லும் மணிமேகலை, இருபத்தேழாம் காதையில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். உலகம் எதனால் ஆனது, அறிவதற்கு வழி எவை, உயிர் உண்டா, செய்த வினை தொடருமா என்று ஒவ்வொருவரும் தம் தரப்பைச் சொல்கிறார்கள். சாத்தனார் நடுநிலையாளர் அல்லர். பௌத்தமே அவர் பக்கம் என்பது வெளிப்படை. ஆயினும் தாம் ஒப்பாத கொள்கைகளுக்கும் வாய் திறக்க இடம் தந்தார். எளிதான பகுதியன்று, நானே அதை இருமுறை பாதியில் மூடி வைத்தவன். எனினும் அதை வெட்டிவிட்டால் நூல் இன்னும் சுவைக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை.

உ. வே. சாமிநாதையர் மணிமேகலைச் சுவடிகளைக் கையில் எடுத்தபோது அது எந்தச் சமயத்தைச் சார்ந்த நூல் என்பதே தமிழ்ப் புலவர்க்கு விளங்கவில்லை. பௌத்தம் தமிழ்நாட்டில் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கும்பகோணத்தில் உடன் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியரிடமிருந்து அவருக்குத் துப்புக் கிடைத்தது. பின் பௌத்தத்தை அடியிலிருந்து பயின்று, 1898-இல் நூலைப் பதிப்பித்து, புரியாதவர்க்குப் புரியும் வண்ணம் பௌத்த வரலாற்றையும் கொள்கையையும் எழுதிச் சேர்த்தார். சைவக் குடும்பத்துப் பிராமணர், தம் சமயத்தை மறுக்கும் நூலுக்குச் செய்த தொண்டு இது. புரியவில்லை என்று பட்டியலிலிருந்து அடித்திருந்தால் அவருக்கு வேலை எவ்வளவு மிச்சம்!

நீலகேசி இதனினும் துணிவுடையது. சுடுகாட்டில் தவம் செய்யும் முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி என்னும் பேய் வருகிறது. முனிவர் அஞ்சவில்லை. பேய் அவரிடம் அறம் கேட்டு, சமண நெறி ஏற்று, ஊர் ஊராகச் சென்று சமயவாதிகளை வாதில் வெல்கிறது. பேயே தருக்கம் பேசும் நூல் தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதனை அச்சில் கொண்டுவந்தார். நீலி முதலில் வெல்வது குண்டலகேசியை. அக்குண்டலகேசி யார்? மலையுச்சியிலிருந்து தன்னைத் தள்ளிக் கொல்ல நினைத்த கணவனைத் தந்திரத்தால் தானே தள்ளிக் கொன்றுவிட்டுத் துறவு பூண்டு, வாதம் செய்யப் புறப்பட்டவள். அவள் பெயரால் அமைந்த காப்பியம் இன்று சில பாடல்கள் நீங்கலாகக் கிடைக்கவில்லை. 'இந்த வகை நமக்கு வேண்டாம்' என்று யாரும் தீர்மானம் போட்டு அழித்திருக்க மாட்டார்கள். படிப்பதை விட்டார்கள், ஏடு எழுதுவதை விட்டார்கள், போயிற்று.

தத்துவத்தை வெட்டச் சொன்ன அம்மையாருக்கு ஒன்று. உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' 1980-இல் வந்தது. 1327-இல் ஒரு மடத்தில் துறவிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். துப்பறிபவரும் ஒரு துறவியே. முதல் நூறு பக்கங்கள் கடினமாயிருக்கின்றன, சுருக்குங்கள் என்று நண்பர்களும் பதிப்பாளரும் கேட்டபோது எக்கோ மறுத்துவிட்டார். மடத்துக்குள் ஏழு நாள் தங்க விரும்புகிறவர் மடத்தின் நடையைப் பழகிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. தமிழில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997-இல் வந்த நாளிலிருந்து, அதன் நடுப்பகுதியில் நிகழும் ஞான விவாதங்களைத் தாண்டிச் சென்றுவிட்டோம் என்று பெருமையாகவே சொல்லும் வாசகர்களைக் கண்டிருக்கிறேன். கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிரசாதக் கடையில் நின்றவர்களின் பெருமை அது.

இனி மூத்த நண்பரின் அச்சம். மற்ற மூன்றையும் எதிர்ப்பது போல் இதை எதிர்க்க எனக்கு இயலவில்லை. இதில் உண்மை இருக்கிறது. நாம் வாழும் இந்த மண்ணிலேயே இதற்கு வழக்கு நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் யண்டமூரி வீரேந்திரநாத் 'துளசிதளம்' என்ற தெலுங்கு நாவலை ஆந்திரபூமி வார இதழில் தொடராக எழுதினார். துளசி என்னும் சிறுமியைப் பணத்துக்காகக் கொல்ல மாந்திரீகன் ஏவப்படுகிறான். ஒரு பக்கம் மருத்துவரும் உளவியலாரும். மறு பக்கம் மந்திரத்தை மந்திரத்தால் வெட்டப் புறப்பட்டவர்கள். பிழைத்தது எவருடைய முயற்சியால் என்பதை அவரும் வாசகரிடமே விட்டார். ஆந்திரமே அந்த நாவலைப் படித்தது. அப்போது எதிர்த்து எழுந்த குரல்களுள் வலியது ரங்கநாயகம்மாவினுடையது. 'ராமாயண விஷ விருட்சம்' எழுதிய அதே அம்மையார்தாம். துளசிதளத்தைக் கஞ்சாப் புகையோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டித் தனி நூலே எழுதிவிட்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. சேதபடி, பாணாமதி என்று இங்கே வழங்கும் பில்லிசூனியத்தைச் செய்தார்கள் என்ற வெறும் ஐயத்தின் பேரில் தெலங்கானாச் சிற்றூர்களில் மனிதரை அடித்திருக்கிறார்கள், பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள், உயிரோடு கொளுத்தியிருக்கிறார்கள். கச்சிபௌலியின் கண்ணாடி மாளிகைகளிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த ஊர்கள் இருக்கின்றன. 'மந்திரமாகவும் இருக்கலாம்' என்று ஓர் எழுத்தாளர் சொல்லும்போது, அந்த 'இருக்கலாம்' எந்தத் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு.

ஆயினும் இரு நாவல்களுக்கும் ஒரு வேறுபாட்டை நான் காண்கிறேன். துளசிதளத்தில் அமானுஷ்யத்தின் பக்கம் சாயும் வாசகனுக்கு வெறுப்பதற்கு ஒரு மனிதன் கிடைக்கிறான், அதாவது சூனியம் வைத்தவன். கொலையுதிர் காலத்தில் ஆவியை நம்புகிற வாசகனும் அண்டை வீட்டானை ஐயுற வேண்டியதில்லை; அவன் தன் புலன்களைத்தான் ஐயுறுகிறான். எனவே சுஜாதாவின் நூலைப் பதின்மூன்று வயதுக்கும் கொடுப்பேன். யண்டமூரியின் நூலைப் பெரியவர்களுக்கு, ரங்கநாயகம்மாவின் மறுப்போடு சேர்த்துக் கொடுப்பேன். இரண்டையும் அடித்துவிட மாட்டேன். ரங்கநாயகம்மாவும் துளசிதளத்தைப் படிக்காமல் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். வரி வரியாகப் படித்து, எடுத்துக் காட்டி, ஏன் கூடாது என்று ஒரு நூல் அளவுக்கு வாதாடினார். அவரோடு முழுதும் உடன்படாத நான் அந்த வாசிப்பின் முன் வணங்குகிறேன். 'முடிவு சரியில்லை' என்று இரண்டு சொல் உதிர்த்துவிட்டுத் தேநீருக்கு எழுந்த நம் கருத்துகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

வாசகர் கருத்துக்கு வலிமை இல்லை என்று எண்ண வேண்டா. இதே சுஜாதா 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடரைக் குமுதத்தில் தொடங்கினார். ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பினால் அது நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் வேறாக எழுதப்பட்டது. ஒரு பெரும் வார இதழையே நிறுத்த முடிந்த வாசகர் குரலுக்கு, கச்சிபௌலியில் ஒரு பட்டியலிலிருந்து நூலை நீக்குவது எம்மாத்திரம்? எளிதாகச் செய்யக்கூடியது என்பதனாலேயே செய்யத் தயங்கியிருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சிறுமி. வீட்டில் தமிழ், விளையாட்டுத் திடலில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளரும் பிள்ளை. தமிழ் எழுத்துகளைத் தெரியும். சரளமாகப் படிக்க வராது. இரவுதோறும் தாய் படித்துக் காட்ட முழுக் கதையையும் கேட்டிருந்தாள். பெரியவர்கள் பேசி முடித்த பின், 'தாத்தா, ரெண்டு விளக்கமுமே சரியா பொருந்துதுன்னா, எதை வச்சு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது?' என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அளவை என்றால் என்ன என்ற கேள்வி! மணிமேகலை வஞ்சியில் அளவைவாதியிடம் போய் நின்றதும் இந்த இடத்தில்தானே! நான் வாய் திறக்குமுன் தேநீர் வந்துவிட்டது, சிலர் சிரித்தார்கள், பிறகு தீர்மானம் வந்தது. இக்கூட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் சென்று வருகிறேன். நம் பிள்ளைகள் திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கக் கண்டிருக்கிறேன். பொங்கல் விழாவில் ஆடிப் பாடக் கண்டிருக்கிறேன். ஒரு தமிழ் நூலைப் பற்றித் தமிழிலேயே தானாக ஒரு பிள்ளை கேள்வி கேட்கக் கண்டது அன்றுதான். எந்த நூல் அந்தக் கேள்வியை எழுப்பியதோ, அந்த நூலை அடுத்த பத்தாவது நிமிடத்தில் அவள் கண் முன்பே நீக்கினோம்.

அந்தத் தீர்மானம் மீண்டும் கூட்டத்தின் முன் வர வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று உதயகுமரன் கொலையை நான் கதையாகச் சொல்ல எண்ணம். சிறுமி கொலையுதிர் காலத்தின் கடைசி அத்தியாயத்தை உரக்கப் படிக்கப் போகிறாள். தாய் மறுபடி படித்துக் காட்ட மறுத்துவிட்டமையால், மாலைகளில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தானே எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கிறாள். ஒற்றெழுத்துகள் இன்னும் இடறுகின்றன.